வெற்றுக் குப்பி

கெப்ராடா லார்காவிலிருந்து மூன்று குப்பிகள் வந்தன என்னோடு.
பழுப்புக் கண்ணாடி, ஆளுக்கொரு லிட்டர், ஐஸ் பெட்டி.
ஒன்று ஊற்றுவாய். ஒன்று பள்ளிக்கூடக் குழாய்.
மூன்றாவது, நானே ஆய்வகத்திலிருந்து சுமந்துபோன தூய நீர்:
ஊற்றருகே மூடி திறந்து
அங்குள்ள காற்றுக்குக் கொஞ்சம் முகம் காட்டி
மூடித் திரும்பக் கொண்டுவருவது.
வெற்று மாதிரி என்று பெயர்.
அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.
அதற்கு அதுதான் வேலை.

மலை முழுக்க அன்னாசி.
முள்தலைகள் வரிசை பிசகாமல்
ஊற்றின் கழுத்துவரை இறங்கி நின்றன.
நீர்க்குழுப் பொருளாளர் எலியேசர்
நான் சீட்டு ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"தெளிவாத்தானே இருக்கு?"
தெளிவாகத்தான் இருந்தது.

விரல்நீளக் குழலில் வெள்ளைப் பொடி.
முதலில் மெத்தனால், அப்புறம் நீர்;
பொடி ஒரு கணமும் காயக் கூடாது.
பிறகு முழு லிட்டரும் அதன் வழியே,
சொட்டு,
சொட்டு,
மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை.
நீர் போய்விடும்.
போக மனமில்லாதது பொடியில் தங்கும்.
எத்தில் அசெட்டேட் வந்து
பேச்சுக்கொடுத்து அதைக் கீழே இறக்கும்.
நைட்ரஜனை ஊதி ஊதி
ஒரு லிட்டரின் வழக்கை
ஒரு மில்லிலிட்டருக்குச் சுருக்குவேன்.

அப்புறம் அடுப்புக்குள் சுருண்ட குழாய்.
முப்பது மீட்டர், தலைமுடித் துளை.
எல்லாம் ஒன்றாகப் புறப்படும்,
தனித்தனியே வந்துசேரும்.
புரோமாசில் பதினாறாம் நிமிடம்.
வந்தால் ஒற்றையாய் வராது:
இருநூற்றைந்து, இருநூற்றேழு,
ஏறக்குறைய ஒரே உயர இரட்டையர்.
புரோமினின் பிறவிக் குணம்.
மறைக்கத் தெரியாது அதற்கு.

ஊற்றில் வந்தார்கள்.
பள்ளிக் குழாயில், சற்றே குள்ளமாக, வந்தார்கள்.
வெற்று மாதிரியில்
வந்தார்கள்.

தூசியோ என்று திரையைத் துடைத்தேன்.
ஊசியைக் கழுவி மறுபடி செலுத்தினேன்.
வந்தார்கள்.

பேருந்துக் கூலி மிச்சமென்று
தம்பி வில்பெர்த்தின் பிக்கப்பில் போயிருந்தேன்.
அதன் பின்தட்டில் வைத்துத்தான் மூடியைத் திறந்தேன்.
வார நாளில் அந்தத் தட்டில் என்ன மூட்டை ஏறும்
என்று எனக்குத் தெரியும்.
தெரிந்தும், கையுறை போட்ட கையால்
அதையே பிடித்து ஏறினேன்.

ஊற்றில் உள்ளது வெற்றில் உள்ளதைப் போல் முப்பது மடங்கு.
முப்பது!
கழித்துவிட்டு எழுதினால் ஆகாதா?
ஒதிலியா தாளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி,
"கம்பெனி வக்கீல் முதல்ல கேக்கறது வெற்று மாதிரியைத்தான்" என்றாள்.
திரும்பித் தன் தராசுக்குப் போய்விட்டாள்.

மூன்று வரிகளையும் சிவப்பில் அடித்தேன்.
காரணம்: மாதிரி எடுத்தவரின் பிழை.
எடுத்தவர் என்ற கட்டத்தில்
யோர்லெனி என்று நல்ல கையெழுத்தில் ஏற்கெனவே இருந்தது.

தொலைபேசியில் எலியேசர்: "இருக்கா, இல்லையா?"
"மறுபடி எடுக்கணும். இருபது நாள்."
"அதுவரை?"
"குடிக்காதீங்க."
"முடிவே வரலை. எதை வச்சுச் சொல்றீங்க?"
எதை வைத்து.
"நானா இருந்தா குடிக்க மாட்டேன்" என்றேன்.
இதை எழுத ஆய்வகத்தில் படிவம் கிடையாது.
அவர் கொஞ்ச நேரம் வரியைத் துண்டிக்கவில்லை.
பின்னால் யாரோ குழாயைத் திறந்து
வாளி நிரப்பும் சத்தம் கேட்டது.

இன்று விடியலில் வில்பெர்த் வாசலில் ஹாரன் அடித்தான்.
பேருந்தில் போகிறேன் என்றேன்.
"என் வண்டியில என்ன கொறச்சல்?"
புதுக் கையுறைகளைப் பையில் திணித்துக்கொண்டேன்,
பதில் சொல்லாமல்.
முன்சீட்டில் அவன் குடிதண்ணீர்க் கேன்
மூடியில்லாமல் சாய்ந்து கிடந்தது.

பெட்டி என் மடியில்.
பக்கத்து இருக்கைக்காரி மீன் வாங்கி வருகிறேனா என்று கேட்டாள்.
இந்த முறை நான்கு குப்பிகள்.
நான்காவதன் சீட்டில் இன்னும் எதுவும் எழுதவில்லை.